பதிவேட்டில் மூன்று புருஷர்கள்

— இன்னொரு தடவை எண்ணிப் பாருங்க அண்ணே.

— எண்ணிட்டேன் தோழர். முன்னாடி இருந்து ஒரு தடவை, பின்னாடி இருந்து ஒரு தடவை. மூணுதான்.

— ஆக, எனக்கு மூணு புருஷன்.

— நான் சொல்லலை. பதிவேடு சொல்லுது.

— யோவ், மெதுவாப் பேசுங்கய்யா! வெளியில பெஞ்சு நிறைய ஆளுங்க. என் தெருக்காரனே ரெண்டு பேரு உக்காந்திருக்கான். பாப்பா, அந்தக் கதவைச் சாத்து.

— சாத்த முடியாது பெரியவரே. சுற்றறிக்கை வந்திருக்கு. மக்கள் ஆபீஸ்ல கதவு எப்பவும் திறந்தே இருக்கணுமாம். காத்துல அதுவா சாத்திக்குது, என்ன செய்யிறது? கழட்டியே வெச்சுட்டோம். அதோ, சுவத்துல சாஞ்சு நிக்குது பாருங்க.

— நல்ல சுதந்திரம்யா. பெத்த பொண்ணுக்கு மூணு புருஷன்னு ஊரே கேக்கட்டும்னு கதவையே கழட்டிட்டீங்க.

— அப்பா, கொஞ்சம் சும்மா இருங்க. அண்ணே, நான் கேட்டு வந்தது ஒரே ஒரு காகிதம். 'இவருக்குக் கல்யாணம் ஆகலை'ன்னு ஒரு வரி, கீழே ஒரு முத்திரை. ரெண்டு மணிக்குப் பஸ். நாளைக்குக் காலையில மருத்துவக் கல்லூரியில அதைக் குடுத்தாத்தான் அந்த இடம் எனக்கு. இல்லேன்னா வரிசையில அடுத்து நிக்கிற ஆளுக்குப் போயிடும். நாலு வருஷமாக் காத்திருந்த இடம்ணே அது.

— புரியுது தோழர். கல்யாணம் ஆகாத பொண்ணுன்னா தகப்பன் சம்மதக் கையெழுத்து. ஆனவங்கன்னா புருஷன் கையெழுத்து. விண்ணப்பத்துலேயே போட்டிருக்கே.

— நாப்பது பேர் உடம்புல இருந்து குண்டு எடுத்திருக்கேன். ஒருத்தனும் 'உங்க புருஷன் கையெழுத்து எங்கே'ன்னு கேக்கலை.

— அது போராட்டம். இது நிர்வாகம்.

— இது துரை காலத்து ஃபாரம்ணே.

— மேலே கிரீடத்தை அடிச்சிருக்கோமே, பாக்கலையா? ஒவ்வொரு தாள்லயும் ஸ்கேல் வெச்சு அடிச்சது. மூணு நாள் ஆச்சு.

— கிரீடத்தை அடிச்சீங்க. புருஷனை விட்டுட்டீங்க.

— அதுக்கு உத்தரவு வரலை.

— நான்தான் கையெழுத்துப் போடத் தயாரா வந்திருக்கேனே தம்பி! பேனா கூடக் கொண்டுவந்திருக்கேன். எம் பொண்ணுக்குக் கல்யாணம் ஆகலைன்னு அவளைப் பெத்தவன் சொல்றேன். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?

— பெரியவரே, நீங்க சொன்னா அது வாய் வார்த்தை. இது பதிவேடு. இதோ, போராட்டத்தோட முதல் வருஷம், முதல் மாசம் பதினாலாம் தேதி: மணமகன் ரொட்டி வண்டிக்காரர். ரெண்டாம் வருஷக் கடைசி: மணமகன் தாடி. மூணாம் வருஷம்: மணமகன் பல் டாக்டர். மணமகள் மூணுலயும் ஒருத்தரே. அதே பேரு, அதே தகப்பன் பேரு, அதே தையல் கடை விலாசம்.

— எழுதினது யாரு?

— ...ஏன், நான்தான்.

— எந்த மேசையில உக்காந்து?

— இதே மேசையிலதான். அந்தப் பக்கம் துரை உக்காந்திருப்பான், இந்தப் பக்கம் நான் உங்களுக்குக் கல்யாணம் பண்ணிக்கிட்டு இருப்பேன்.

— அப்ப அது பொய்ன்னு உலகத்துல வேற யாருக்குத் தெரியாட்டியும் உங்களுக்குத் தெரியும்ல?

— எனக்குத் தெரியும். பதிவேட்டுக்குத் தெரியாதே.

— வெறும் காகிதம் அடிச்சுக் குடுத்திருந்தா போதாதா முத்திரை அண்ணே? எதுக்குப் பதிவேட்டுக்குள்ளேயே கொண்டுபோய் ஏத்தினீங்க?

— தோழர், நீங்களா இதைக் கேக்கறீங்க? ஒரு ஆணும் பொண்ணும் ஜோடியாப் போனா சோதனைச் சாவடியில சந்தேகம் வராது. சரி. வந்துட்டா? போனை எடுத்து இந்த ஆபீஸைக் கேப்பான், 'இத்தனாம் நம்பர் கல்யாணம் இருக்கா?'ன்னு. துரை எழுந்து வந்து புரட்டுவான். இருக்கணும்ல? அதனால அதே மை, அதே சாய்வெழுத்து, கீழே ரெண்டு சாட்சி. ஒரு நாள் துரையே என் எழுத்தைக் காட்டி, 'இந்த ஆபீஸ்ல ஒழுங்கா வேலை செய்யிறவன் நீ ஒருத்தன்தான்'னு முதுகுல தட்டினான். அன்னிக்கு நான் எழுதியிருந்தது உங்க ரெண்டாவது கல்யாணம்.

— பொண்ணு பேரையாவது மாத்தியிருக்கலாமேய்யா. ஊர்ல வேற பேரே இல்லையா? எம் பொண்ணு பேரையே மூணு தடவை எழுதணுமா?

— அதை உங்க பொண்ணுகிட்டயே கேளுங்க. புதுசா வர்ற பொண்ணுங்களுக்கு வகுப்பு எடுத்தது யாரு? 'பொய் ஒண்ணே ஒண்ணு இருக்கணும், மத்ததெல்லாம் உண்மையா இருக்கணும். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொந்தப் பேருதான் வாயில வரும்'னு சொன்னது யாரு?

— நான்தான்.

— இயக்கத்துல இவங்களுக்கு ஊசின்னு பேரு வெச்சதே அதுக்குத்தான். அவ்வளவு கூர்மையா யோசிப்பாங்க.

— கூர்மைதான். என் காலையே குத்திக்கிட்டேன்.

— சரி, இப்ப நாடு நம்ம கையில. அந்த மூணு வரியையும் ஒரு கோடு போட்டு அடிச்சிடுங்க தம்பி. கிரீடத்தையே அடிச்சவருக்கு இது ஒரு வேலையா?

— அதுதான் முடியாது பெரியவரே. ஆட்சிக்கு வந்ததும் போட்ட முதல் சட்டமே இதுதான்: பழைய பதிவேட்டுல இருக்கிற ஒவ்வொரு வரியும் செல்லும். இல்லேன்னா யாரு வீடு யாருதுன்னு ஊரே அடிச்சுக்கும்ல? பொய்யின்னு யாராவது சொன்னா, எழுதினவனே கோர்ட்டுல ஏறி 'நான்தான் பொய்யா எழுதினேன்'னு ஒத்துக்கணும். ஒத்துக்கிட்டா வரி போயிடும். எழுதினவனுக்கு மூணு வருஷம் ஜெயில்.

— நாட்டுக்காக எழுதினதுக்கா?

— சட்டத்துல அப்படி ஒரு பத்தி இல்லை. தண்டனைச் சட்டம் மட்டும் இன்னும் துரை எழுதினதுதான். அவன் எதுக்கு அந்தப் பத்தியை எழுதப்போறான்? தோழர், எனக்கு ஜெயிலுக்குப் பயமில்லை. போயிருக்கேன், வந்திருக்கேன். ஆனா நான் ஒரு வரியை ஒத்துக்கிட்டா என் கைப்பட எழுதின எல்லாத்தையும் பிரிப்பான். மொத்தம் இருநூத்தி ஆறு. அதுல பதினோரு பிள்ளைங்க இருக்கு.

— குவாரிப் பக்கத்துப் பிள்ளைங்களா?

— ஆமா. குவாரியில துரை ஆளுங்க சுட்டதுல பெத்தவங்க ஒரே நாள்ல போனதும், பிள்ளை இல்லாத வீடுகள்ல பிறந்ததா எழுதினேனே, அந்தப் பதினொண்ணு. அதுல ரெண்டுக்கு இன்னும் உண்மை தெரியாது. ஒண்ணு போன வாரம் அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு இங்கே வந்துச்சு, பள்ளிக்கூடத்துல சேக்க. மூக்கு அப்படியே அந்தம்மா மூக்குதான்னு ஊரே சொல்லுதாம்.

— வேண்டாம்ணே. நீங்க எதையும் ஒத்துக்க வேண்டாம். எனக்கு இடம் போனாப் போகட்டும், அந்த வீடுங்களைக் கலைக்காதீங்க.

— நீங்க இப்படிச் சொல்லுவீங்கன்னு தெரியும். அதனாலதான் காலையில உங்களைப் பாத்ததும் மேசைக்கு அடியில புகுந்துக்கலாமான்னு இருந்துச்சு.

— சரி, அழுது பிரயோசனமில்லை. மணி என்னண்ணே?

— பன்னெண்டரை. ஒரு மணிக்குப் பூட்டிடுவேன்.

— கதவே இல்லாம எதைய்யா பூட்டுவீங்க?

— பதிவேட்டை.

— அப்பா. அரை மணி நேரம் இருக்கு. அண்ணே, ஒவ்வொரு புருஷனா எடுப்போம். ரொட்டி வண்டிக்காரர் செத்துட்டார். குவாரி மேட்டுல என் மடியில தலை வெச்சுத்தான் செத்தார். அப்ப நான் விதவைதானே? விதவைக்கு யாரு கையெழுத்து?

— விதவைன்னா தகப்பன் கையெழுத்தே போதும். ஆனா அவர் செத்ததுக்குப் பதிவு இல்லையே. நாமதான் உடம்பை எடுத்துட்டுப் போய்ப் புதைச்சோம். பதிவேட்டுப்படி அவர் இன்னும் திடகாத்திரமா ரொட்டி வித்துக்கிட்டு இருக்கார்.

— தாடி?

— மெதுவா, தோழர். அவரை இப்ப அப்படிச் சொல்லக் கூடாது. துணை அமைச்சர்.

— நீங்கதான் முதல்ல சொன்னீங்க.

— நான் பதிவேட்டைப் படிச்சேன். அவர் விஷயம் சுலபம். ரெண்டாம் வருஷம் நடுவுல போலீஸ் தேடாம இருக்கணும்னு அவரைச் செத்ததா எழுதினோம். உங்களைக் கட்டிக்கிட்டது அதுக்கு நாலு மாசம் கழிச்சு. செத்தவர் கல்யாணம் பண்ண முடியாதுல்ல? அந்தக் கல்யாணம் தானாவே செல்லாது.

— உயிரோட இருக்கிறவர் செத்துட்டார். செத்தவர் ரொட்டி விக்கிறார்.

— இப்ப அவர் உயிரோடதான் இருக்கார் பெரியவரே. போன மாசம்தான் எழுப்பினோம். செத்தவர் எப்படி அமைச்சராப் பதவி ஏத்துக்க முடியும்? ஒரே நாள்ல ஏழு பேரை எழுப்பினேன். 'இறப்புப் பதிவு ரத்து'ன்னு ஒரு ஃபாரம். செத்ததா தகவல் குடுத்தவர் நேர்ல வந்து 'நான் குடுத்தது தப்பான தகவல்'னு காரணத்தோட எழுதிக் குடுக்கணும். செத்தவரும் நேர்ல வந்து நிக்கணும். அரை மணி நேரம்கூட ஆகாது.

— பொய்த் தகவல் குடுத்தவனுக்கு ஜெயில் இல்லையா தம்பி?

— இல்லை. அந்தக் காரணத்தை முப்பது நாள் வெளியில பலகையில ஒட்டி வைப்போம். அவ்வளவுதான். ஏழு பேருக்கும் ஒரே காரணம்தான், 'போராட்ட நலன் கருதி.' படிக்கிறவன் எல்லாம் கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போனான். ஆனா தாடிக்கு ஒரே வருத்தம்.

— உயிர் வந்ததுக்கா?

— ரத்து பண்ணின தேதியில இருந்துதான் உயிர். நடுவுல ரெண்டரை வருஷம் அவர் செத்தவர்தான். அப்ப ஒரு மலைச்சரிவை வாங்கியிருந்தார், அது செல்லாதுன்னுட்டேன். செத்தவர் செஞ்சது எதுவும் செல்லாது. சட்டம்னா சட்டம்.

— சரி, தாடி ஒழிஞ்சார். பல் டாக்டர்?

— அவர்தான் இடிக்கிறார். உயிரோடயும் இருக்கார், பதிவேட்டுலயும் உயிரோட இருக்கார். ரொட்டிக்காரருக்கு உயிர் இருக்குன்னு வெச்சா, அவர்தான் உங்க புருஷன். கையெழுத்துப் போட ஆள் கிடையாது. சரி, பல் டாக்டர் கல்யாணத்துக்கு முன்னாடியே அவர் செத்துட்டார்னு நிரூபிச்சாலோ, அந்தக் கல்யாணம் செல்லுபடியாயிடும்.

— ரொட்டிக்காரரைக் கொன்னா டாக்டர் வந்து நிக்கிறார். கொல்லாட்டி ரொட்டிக்காரர் வந்து நிக்கிறார்.

— கணக்காப் பிடிச்சுட்டீங்க.

— கேக்கறேனேன்னு தப்பா நினைக்காதே பாப்பா. அந்த டாக்டர்கிட்டயே ஒரு கையெழுத்துக் கேட்டா என்ன? நல்ல குடும்பம். ரெண்டு மாசம் அவரைக் கைத்தாங்கலா எல்லை வரைக்கும் கூட்டிக்கிட்டுப் போனியே. அந்த நன்றி இருக்காதா?

— இருக்குப்பா. எழுதிக் கேட்டேன். பதில் நேத்து வந்துச்சு.

— சொல்லவே இல்லையே!

— சொன்னா நீங்க சட்டை தைச்சு எடுத்துக்கிட்டு அவர் வீட்டுக்குக் கிளம்பிடுவீங்கன்னு பயந்தேன். இந்தாங்கண்ணே, நீங்களே படிங்க.

— 'என் சட்டப்படியான மனைவிக்கு.' ஐயையோ. 'உன் கடிதம் கண்டேன். நம் திருமணம் போராட்டத்துக்காக நடந்தது என்றாலும், பதிவேட்டைப் பார்த்தபின் இதை ஊழ் என்றே என் தாயார் கருதுகிறார். நாடு விடுதலை அடைந்துவிட்டது. இனி வீடே உன் போர்க்களம். படிப்புக்குச் சம்மதம் தர இயலாது. அடுத்த வெள்ளிக்கிழமை நானே வந்து அழைத்துப் போகிறேன். துப்பாக்கி இருந்தால் ஒப்படைத்துவிடு.'

— கடைசி வரியைப் பாத்தீங்களா? பயம் போகலை.

— பாப்பா... கோவப்படாம கேளு. ஒரு விதத்துல பாத்தா...

— எந்த விதத்துல?

— பல் டாக்டர். சொந்த வீடு. உன் வயசு பொண்ணுங்களுக்கெல்லாம் ஆச்சு. 'சுதந்திரம் வந்து ஒரு வருஷம் ஆச்சு, உங்க பொண்ணுக்கு எப்ப?'ன்னு தெருவுல கேக்காத ஆள் இல்லை. அவன்தான் வேணும்னு நான் சொல்லலை. தானா அமைஞ்சிருக்கேன்னு சொல்றேன்.

— அப்பா, சாவடியில அந்தாளு பல்லு கடகடன்னு அடிச்சுக்கிட்ட சத்தம் காவல்காரனுக்கே கேட்டுச்சு. 'என் புருஷனுக்குக் குளிர்காய்ச்சல்'னு சொல்லி நான்தான் சமாளிச்சேன். நடு வெயில்ல! பதினோரு சாவடி. ஒவ்வொரு சாவடியிலயும் என் புடவைத் தலைப்பைப் பிடிச்சுக்கிட்டு நின்னவர் இப்ப எனக்குச் சம்மதம் தர இயலாதாம்.

— அது சரிதான்...

— என்ன சரிதான்? போராட்டத்துக்கு முன்னாடி என்னை ஜன்னல்கிட்ட நிக்க விடமாட்டீங்க. அப்புறம் என்ன ஆச்சு? நம்ம வீட்டு வாசல்ல பெரிய பெரிய ஆளுங்க செருப்பைக் கழட்டி வெச்சுட்டு, 'ஊசி இருக்காங்களா, உத்தரவு வாங்கணும்'னு நிப்பாங்க. நீங்கதான் டீ போட்டுக் குடுப்பீங்க. என் கோட்டுக்குள்ள நாலு ரகசியப் பை தைச்சுக் குடுத்தது நீங்க. 'எம் பொண்ணு யாருக்கும் அடங்கமாட்டா'ன்னு ஊர் முழுக்கச் சொன்னது நீங்க. அதெல்லாம் எங்கேப்பா போச்சு? துரையோட கப்பல் ஏறிப் போயிடுச்சா?

— போகலை பாப்பா. ஆனா அது... அது ஒரு காலம். அப்ப வீதியே வேற மாதிரி இருந்துச்சு. எல்லாரும் நல்லவங்களா இருந்தாங்க. நானும்தான்.

— இப்ப?

— இப்ப எல்லாரும் பழையபடி ஆயிட்டாங்க.

— உங்கப்பாவை அப்படிச் சொல்லாதீங்க தோழர். ஞாயித்துக்கிழமை சதுக்கத்துல கல்வெட்டு திறக்கிறாங்க, அதுல இவர் பேரும் இருக்கே. 'வீரமகளை ஈந்த தந்தை.' கல்லுல வெட்டியாச்சு. பேச்சுகூட மனப்பாடம் பண்ணியிருக்கார்னு கேள்விப்பட்டேன்.

— அதை எதுக்கு இப்ப...

— பண்ணியிருக்கார்ணே. தினம் காலையில தையல் மெஷின் முன்னாடி நின்னு சொல்லிப் பாப்பார். 'என் ஒரே மகளை, கண் கலங்காமல், மனமுவந்து, தாய்நாட்டின் கையில் ஒப்படைத்தேன்.' மனமுவந்துங்கிற இடத்துல கையை நெஞ்சுல வைக்கணும்னு வாத்தியார் சொல்லிக் குடுத்திருக்கார்.

— போதும் பாப்பா.

— கிண்டல் பண்ணலைப்பா. உண்மையிலேயே எனக்குப் பெருமைதான். நான் சொல்லாம கொள்ளாம ரொட்டி வண்டியில ஏறினப்ப, நீங்க என்னை வெட்டிப் போடுவீங்கன்னு நினைச்சேன். ஒரு மாசம் கழிச்சு ஒளிஞ்சு ஒளிஞ்சு வீட்டுக்கு வந்தா, நீங்க வாசல்லேயே நின்னு ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டீங்க. அன்னிக்குத்தான் நாம ஜெயிச்சுடுவோம்னு எனக்கு நம்பிக்கை வந்துச்சு.

— முதல் ஒரு வாரம் எப்படி இருந்துச்சு பெரியவரே? அதை நீங்க யார்கிட்டயும் சொன்னதே இல்லையே.

— என்ன இருந்துச்சு... கடையைத் திறக்கலை. பெரியப்பன் சித்தப்பன்னு எல்லாரும் வந்து நின்னாங்க. பொண்ணு வேத்து ஆம்பளையோட போயிட்டா, என்ன பண்ணப்போறேன்னு கேட்டாங்க. தலை நிமிர முடியலை. பத்தாம் நாள் விடியக்காலையில கதவைத் தட்டுறான். போலீஸ்னு நினைச்சேன். பாத்தா தெருவே நிக்குது. நீ மூணு பேரைச் சாவடி தாண்டிக் கொண்டுபோய் விட்டேன்னு சேதி வந்திருக்கு. என் கையைப் பிடிச்சு, 'குடுத்து வெச்சவர்யா நீங்க'ன்னாங்க. அதே பெரியப்பன்தான் முதல் ஆளு. அன்னிலேர்ந்து நான் குடுத்து வெச்சவன் ஆயிட்டேன்.

— பாத்தீங்களா? பத்தே நாள்ல ஒரு தெருவே மாறிடுச்சு. துரைமார் நூறு வருஷம் பள்ளிக்கூடம் வெச்சும் முடியலை.

— அந்தத் தெருதான் இப்ப வெளியில பெஞ்சுல உக்காந்து என் மூணு புருஷனை எண்ணிக்கிட்டு இருக்கு. மணி?

— ஒண்ணுக்குப் பதினெட்டு நிமிஷம். தோழர், எனக்கு வழி தெரியலை. மன்னிச்சிடுங்க. என் கையெழுத்து இவ்வளவு நல்லா இருந்ததுக்கு முதல் தடவையா வெக்கப்படறேன்.

— விடுங்கண்ணே. வெள்ளிக்கிழமை பல் டாக்டர் வந்தா பாத்துக்கறேன். படிப்புதான்... ம். சரி. போகலாம்ப்பா. கடைக்குப் போவோம். பித்தான் தைக்கிறதாவது எனக்கு வரும்.

— பாப்பா, அழாதே.

— அழலை.

— நீ குவாரியில கூட அழலைன்னு சொன்னாங்க.

— அங்கே யார் சுடுறான்னு தெரியும்ப்பா. இங்கே எல்லாரும் நல்லவங்க. இந்த அண்ணன் நல்லவர், நீங்க நல்லவர், அந்த டாக்டரோட அம்மாகூட நல்லவங்களாத்தான் இருப்பாங்க. யாரைச் சுடறது?

— ஒரு வழி இருந்துச்சு தோழர். சிரிக்காதீங்க. நீங்க மட்டும் அந்த முதல் வருஷம் பதினாலாம் தேதிக்கு முன்னாடி செத்திருந்தா, ஒரே அடியில மூணு கல்யாணமும் போயிருக்கும். தாடி மாதிரி உங்களையும் இப்ப எழுப்பி விட்டிருப்பேன். இன்னிக்குப் பிறந்த மாதிரி சுத்தமா வெளியில போயிருப்பீங்க.

— அடுத்த போராட்டத்துல ஞாபகம் வெச்சுக்கறேன். முதல்ல சாகணும், அப்புறம்தான் கல்யாணம்.

— இப்ப புதுசா எழுதலாம்னா, முதல் வருஷச் சாவுப் புத்தகத்துல என் எழுத்தே கிடையாது. துரை அதை எங்க கையில குடுத்ததே இல்லை. அவன் ஆளுங்க சுட்டுக் கொன்னவங்க பேரெல்லாம் அதுல வரும்ல? தன் மேசையிலேயே பூட்டி வெச்சு, தன் கையாலேயே எழுதுவான். ரெண்டாம் வருஷம் செத்தவங்க அதிகமாயி அவனுக்குக் கை வலி வந்த பிறகுதான் என்கிட்ட தள்ளிவிட்டான்.

— அந்தப் புத்தகம் இருக்கா தம்பி?

— எது?

— துரை எழுதினது. முதல் வருஷத்துது.

— ரேக்குல கிடக்கு. யாரும் தொடறதில்லை. ஏன் பெரியவரே?

— எடுங்க.

— எதுக்குப்பா? பஸ்ஸுக்குத்தான் வழி இல்லையே, வீட்டுக்காவது போகலாம்.

— பாப்பா, நீ கொஞ்சம் வெளியில போய் நில்லு.

— கதவே இல்லை. வெளியில நின்னாலும் கேக்கும்.

— அதுவும் சரிதான்.

— என்னப்பா, ரேக்கையே பாத்துக்கிட்டு நிக்கறீங்க? உக்காருங்க. அண்ணே, தண்ணி இருக்கா?

— தண்ணி வேண்டாம். முதல் மாசம் பதிமூணாம் தேதியைப் பாருங்க தம்பி.

— தூசி... இருங்க. பத்து, பன்னெண்டு, பதிமூணு. அன்னிக்கு ஆறு பேரு. துறைமுகக் கூலி ஒருத்தர், குண்டடி. இன்னொருத்தர், குண்டடி. ஒரு கைக்குழந்தை. ஒரு பொண்ணு, வயசு பத்தொன்பது, காய்ச்சல்...

— ஏன் நிறுத்திட்டீங்க? படிங்கண்ணே.

— தோழர், இது நான் எழுதினது இல்லை. சத்தியமா. இது துரையோட கை.

— படிங்க.

— தகப்பன் தையல்காரர். விலாசம்... உங்க கடை. பேரு உங்க பேருதான் தோழர்.

— என் பேரா? நான் வண்டி ஏறினது பன்னெண்டு. மறுநாளே செத்துட்டேனா?

— கல்யாணத்துக்கு ஒரு நாள் முன்னாடி! தோழர், ஒரே ஒரு நாள்! மூணும் போச்சு! பல் டாக்டர் போனார்! துரை கைப்பட எழுதினது, இந்த ஆபீஸ்லேயே இதைவிட அசல் கிடையாது!

— யாரு தகவல் குடுத்தது?

— கீழே கையெழுத்து இருக்கே... தகப்பன்.

— அப்பா! நீங்களா?

— பாப்பா, நான்...

— போலீஸ் என்னைத் தேடக் கூடாதுன்னா? அப்பவே? முதல் நாளே? இயக்கத்துக்கே அந்த யோசனை ரெண்டாம் வருஷம்தானே வந்துச்சு! நாலு வருஷமா ஒரு வார்த்தை சொல்லலையேப்பா. நீங்க கோவத்துல கதவைச் சாத்திட்டு உக்காந்திருப்பீங்கன்னு நினைச்சு நான் அந்த ராத்திரியெல்லாம் வண்டிக்குள்ள அழுதேன். நீங்க என்னடான்னா துரை ரூமுக்கே போய் என்னைக் காப்பாத்தியிருக்கீங்க.

— கல்வெட்டுல இன்னும் ரெண்டு வரி சேக்கச் சொல்லணும் பெரியவரே! இதோ ஃபாரம். 'இறப்புப் பதிவு ரத்து.' தகவல் குடுத்தவர் இங்கேயே இருக்கார், செத்தவரும் இங்கேயே நிக்கறார். காரணம்... அதான் தெரியுமே, 'போராட்ட நலன் கருதி.' எழுதிட்டேன். கீழே கையெழுத்துப் போடுங்க. அப்படியே காலேஜ் விண்ணப்பத்துலயும் போட்டுடுங்க, 'கல்யாணம் ஆகலை'ங்கிற வரிக்கு நான் முத்திரை குத்திடறேன். பஸ் கிடைச்சிடும்.

— இந்தாங்கப்பா, பேனா.

— காலேஜ் காகிதத்தை முதல்ல குடு. இதோ. இது முடிஞ்சுது. இதை எடுத்துப் பத்திரமா உள்ளே வெச்சுக்கோ.

— வெச்சுட்டேன். இப்ப இது.

— தம்பி, அந்தக் காரணத்தை அடிச்சிடுங்க.

— எதுக்கு? அதுல என்ன தப்பு? தாடியோட சேத்து ஏழு பேருக்கும் அதேதான்.

— அடிங்க. நான் சொல்லச் சொல்ல எழுதுங்க.

— பெரியவரே, இது முப்பது நாள் பலகையில தொங்கும். ஞாயித்துக்கிழமை கல்வெட்டுக்கு வர்ற கூட்டம் மொத்தமும் இந்த வழியாத்தான் போகும்.

— தெரியும். எழுதுங்க: 'என் மகள் வேத்து ஆம்பளையோட போனதால என் மானம் போச்சுன்னு, இனிமே அவ எனக்கு வேண்டாம்னு, மறுநாள் காலையில துரை முன்னாடி கையைக் கட்டி நின்னு அவ செத்துட்டதா நானே எழுதிக் குடுத்தேன். துரை எழுந்து நின்னு வருத்தம் தெரிவிச்சார். நான் நன்றி சொல்லிட்டு வந்தேன்.'